ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிறார்கள்: 14416 மனநல உதவி எண் பற்றி

கொலையில் வீட்டு ஆளைப் பறிகொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கண்ணுக்கு என்னென்னவோ தெரிகிறது என்று வெளியே சொல்லப் பயந்து கிடக்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 14416 என்ற மனநல உதவி எண்ணையும், அது வழிகாட்டி அனுப்பிய அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவையும் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் தோட்டம் தடப்பள்ளி வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம், கிணற்றுப் பாசனம். மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். அடுத்த தோட்டத்துக்காரரோடு வண்டித்தடத் தகராறு பல வருசமாக இருந்தது. ஐப்பசி மாசம், மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வருகிற முறை. மோட்டார் போடப் போன எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. மோட்டார் ரூம் வாசலில் வெட்டிப் போட்டிருந்தார்கள். வழக்கு நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே இருக்கிறார், வாரச்சந்தையில் எதிரே வருவார். வழக்கைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

எனக்குத் தெரிந்த காட்சிகள் இரண்டு வகை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததுதான் இந்தச் சேவை எனக்குச் செய்த பெரிய உதவி. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் வகை இப்படி. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல் வண்டி வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். கேட்டின் கொக்கி தூக்குகிற சத்தம். அப்புறம் திண்ணையில் தலைத்துண்டை அவிழ்த்து உதறுவது. "ஏம்புள்ள, தண்ணி கொண்டா" என்று அதே குரல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முதுகு தெரியும், முட்டிவரை மஞ்சக்காட்டுச் சேறு தெரியும். கதவைத் திறந்தால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பயம் வராது. அழுகை வரும், அழுதபின் தூங்கிவிடுவேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் கொக்கிச் சத்தம் எங்கள் அத்தைக்கும் கேட்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பொம்பளைகள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே படுத்திருந்திருக்கிறோம்.

இரண்டாவது வகை வேறு. கொலை நடந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை, போலீஸ் விடவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து துணி சுற்றிக் கொடுத்தபோது முகம் மட்டும் பார்த்தேன். ஆனால் அந்த வெட்டு முழுக்க என் கண் முன்னால் நடக்கும். ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுகிற சத்தம் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் போதும், அரிவாள் வருகிற திசை, அவர் கையைத் தூக்குவது, டார்ச் லைட் தண்ணீரில் விழுந்து எரிந்துகொண்டே கிடப்பது, எல்லாம் தெரியும். சத்துணவுக் கூடத்தில் சமையலக்கா அரிவாள்மனையில் பூசணிக்காய் பிளந்தால் கை கால் விறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் பிரசவம் முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆலாத்தி எடுத்து, சிவந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்கள். அது வழிந்து எங்கள் வாசல் பக்கம் வந்தது. நான் விழுந்துவிட்டேன். நல்ல காரியத்தில் தாலி அறுத்தவள் விழுந்தாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். துர்மரணம், ஆவி அலைகிறது என்று உறவினர் ஒருவர் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அவர் உடுக்கை அடித்து, "இவ மேலதான் நிக்கறான்" என்று சொல்லி, கட்டுப் போட ஒரு தொகை கேட்டார். மஞ்சள் விற்ற காசு கொஞ்சம் அங்கே போனது. மருந்துக்கடை ஒன்றில் சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை கொடுத்தார்கள். பகலெல்லாம் தலை கிறுகிறுத்தது, கனவில் வெட்டு இன்னும் தெளிவாக வந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு மனநோய் இல்லாதபோது இந்த வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் வருச வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறதாம். இதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான். ஈரோட்டில் ஒரு தனியார் ஆலோசனை மையத்துக்கும் மகள் கூட்டிப்போனாள். அங்கே இருந்தவர் என்னைப் பேசவிடாமல், நல்லதையே நினையுங்கள் என்று முக்கால் மணி நேரம் சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்.

எண்ணைக் கொடுத்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் பெண். அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குக் கூப்புட்டுப் பாருங்க. காசு இல்லைங்க. எந்நேரமும் எடுப்பாங்க" என்று நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கூப்பிட்டேன். முதலில் இயந்திரக் குரல் மொழியைக் கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்தது ஒரு பெண். பெயர், வயசு, மாவட்டம் கேட்டாள். நான் பேச்சை ஆரம்பிக்கவே நேரம் ஆனது. "சொல்லுங்கம்மா, நான் கேட்டுட்டுதான் இருக்கேன், அவசரம் ஒண்ணும் இல்லை" என்றாள். எக்ஸெல் சத்தத்தைச் சொன்னேன். ஆலாத்தித் தண்ணீரைச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில்கூட 'பிரமை' என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. பேயா என்றும் கேட்கவில்லை. "இப்ப பக்கத்துல யார் இருக்காங்க? செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கிணற்றைப் பற்றி நினைத்திருக்கிறேன் என்று சொல்ல முடிந்தது. சொன்னதற்கு அவள் பதறவில்லை. மகளிடமோ அத்தையிடமோ காலையில் இதைச் சொல்லச் சம்மதமா, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகாமல் இருக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

அப்புறம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி வை. குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடி. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல், தொட முடிகிற நான்கைத் தொடு, கேட்கிற மூன்று சத்தத்தைச் சொல். கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் ஸ்டார்ட்டர் சத்தத்தில் விறைத்துப் போகிறபோது, "இது மாசி மாசம், நான் ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல நிக்கறேன், இது அரிசி மூட்டை, இது துவரம்பருப்பு டின்" என்று சொல்லிச் சொல்லித்தான் நான் வெளியே வந்தேன். கோடாங்கிக்குக் கொடுத்த காசு செய்யாததை இந்த மூட்டையும் டின்னும் செய்தன.

இந்த எண் 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம். 2022 பட்ஜெட்டில் அறிவித்து அதே வருசம் அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கினார்கள். பெங்களூருவில் இருக்கிற நிமான்ஸ் என்ற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரிதான் தலைமை ஒருங்கிணைப்பு மையம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது நம் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்கள். எனக்கு இரண்டாவது நடந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் வருவார். எந்த நாள், எந்த அறை என்று கேட்டுச் சொன்னார்கள். ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. மருந்துக்கும் காசு இல்லை.

அந்த டாக்டர் கேட்ட கேள்விகளை எழுதினால் போகத் தயங்குகிறவர்களுக்குத் தைரியம் வரும். அந்தக் குரல் உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா? யாரோ உங்களுக்கு விஷம் வைக்கிறார்கள், உங்கள் மனசைப் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறதா? அவர் இறந்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியுமா? கடைசிக் கேள்விக்கு, "தெரியுமுங்க, நாந்தானே வாய்க்கரிசி போட்டேன்" என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புது உயிர் கொடுத்தது. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்று ஒரு டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் நேரில் பேசி 1971இல் எழுதியிருக்கிறார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள், சிலர் பேசியிருக்கிறார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. பெரும்பாலோர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கோ குளிர்நாட்டுக் கிராமத்துக் கிழவிகளும் எங்கள் அத்தை மாதிரியே கம்மென்று படுத்திருந்திருக்கிறார்கள். "எக்ஸெல் வண்டியை நான் நிறுத்தப் போறதில்லைம்மா. அது உங்க துக்கம். அதுக்கு வைத்தியம் வேண்டாம். மோட்டார் ரூமுக்குத்தான் வைத்தியம்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் நான் அவ்வளவு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன். அந்தப் பயம் அந்த அறையிலேயே போய்விட்டது.

மோட்டார் ரூம் காட்சிக்கு அவர் வைத்த பெயர் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வருகிற மனநோய். நேரில் பார்க்காதவர்களுக்கும், கொலை என்றால், மூளை அந்தக் காட்சியைத் தானே கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டுமாம். மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். முதல் வாரம் குமட்டல் இருந்தது, பிறகு இல்லை. கூடவே உளவியலாளரிடம் அமர்வுகள். அங்கே செய்வது கடினமான வேலை. கேள்விப்பட்டதையும் கண்ணுக்குத் தெரிந்ததையும் பிரித்து, அந்த ராத்திரியை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டது என்ன, கிளம்பும்போது என்ன சொன்னார், செருப்பு போட்டிருந்தாரா என்று. சொல்லும்போது வியர்த்துக் கொட்டும். ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ராத்திரிக்கு முன்னால் இருந்த இருபது வருசமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கொடிவேரிக்கு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது, மஞ்சள் வேகவைக்கிற புகையில் கண் சிவக்க நின்றது, அவ்வளவு நாள் இதெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. வெட்டு ஒன்றுதான் இருந்தது.

இப்போது ஸ்டார்ட்டர் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறது, விழுவதில்லை. ஆலாத்தியை இன்னும் பார்க்க முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும், முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்.

சாமி கும்பிடுவதை விடச் சொன்னார்களா என்று கேட்பார்கள். இல்லை. பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போய் புற்றுமண் பூசிக்கொண்டு வருவேன் என்று சொன்னதும், தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார் டாக்டர்.

இனி, எங்கள் வீட்டில் பெரிய சண்டையே கிளப்பிய விசயம். நான் ஆஸ்பத்திரிக்குப் போவது தெரிந்ததும் பெரிய மாமனார் வந்து உட்கார்ந்துகொண்டார். "அம்மிணி, நீ கேஸ்ல சாட்சி. மனநல டாக்டர்கிட்டப் போனேன்னு எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தெரிஞ்சா, இவ பைத்தியம், இவ சாட்சி செல்லாதுன்னு எழுதிப்போடுவான்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனால் இந்த ஒரு பயத்தால் எத்தனை பெண்கள் வைத்தியமே பார்க்காமல் இருக்கிறார்களோ. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாக்ஷிய அதினியம் 124ஆம் பிரிவு, கேட்ட கேள்வி புரிந்து அதற்கு அறிவோடு பதில் சொல்லக்கூடிய யாரும் சாட்சி சொல்லலாம் என்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதி இழப்பதில்லை, கேள்வி புரியாத அளவுக்கு இருந்தால்தான். பழைய சாட்சியச் சட்டத்திலும் 118ஆம் பிரிவில் இதுதான் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார், கேட்கட்டும். சிகிச்சை எடுத்துத் தூங்கி எழுந்தவள் கூண்டில் நிற்பது நல்லதா, ஸ்டார்ட்டர் சத்தத்துக்கு விழுகிறவள் நிற்பது நல்லதா? மாமாவிடம் இதைத்தான் கேட்டேன். 2017ஆம் வருச மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க நமக்கு உரிமை கொடுக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊருக்குச் சொல்ல முடியாது. சட்டம் அனுமதிக்கிற சில காரணங்களுக்கு மட்டும்தான் வெளியே போகும்.

மாமா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுமுறை ஓபி நாளில் அவர்தான் பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், இது போன் வழியாக நடக்கிற வேலை என்பதுதான். அழைப்பு யார் கைக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. பழகின குரல்தான் வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு அது கஷ்டம். சுருக்கமாக இரண்டு வரி எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: "கணவர் கொலையானார், இந்த மருந்து சாப்பிடுகிறேன், இப்போது இது தெரிகிறது." அங்கிருந்து பேச்சு சீக்கிரம் நகரும். இன்னொன்று, நம் வீடுகளில் போன் பேசத் தனி இடம் கிடையாது. பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின் ஸ்டோர் ரூமில் நின்றுதான் நான் பல தடவை பேசினேன். தோட்டத்துச் சாளையில் ஆள் இல்லாத நேரம் பார்த்தும் பேசலாம், ஆனால் மனசு கிணற்றைத் தேடுகிற நாளில் அங்கே தனியாகப் போகாதீர்கள். வாசலிலோ தெருவிலோ உட்கார்ந்து பேசுங்கள்.

எதிர்த் தரப்பு மிரட்டினால் இந்த எண்ணில் பயனில்லை, 112க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு 181 இருக்கிறது. வழக்கு, நிவாரணத் தொகை சந்தேகங்களுக்கு 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் உதவி உண்டு. கொலையானவரின் குடும்பத்துக்கு அரசு இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கிற வழியும் அங்கேதான். எனக்கு அதைச் சொன்னது மனநலப் பிரிவின் சமூகப் பணியாளர்.

எங்கள் மகள் கோயமுத்தூரிலிருந்து செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கிவந்து மாட்டியிருக்கிறாள். வீட்டிலிருந்தே மோட்டார் போடலாம், ராத்திரி ஒருவரும் மோட்டார் ரூமுக்குப் போக வேண்டியதில்லை. அவர் இருக்கும்போதே வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எக்ஸெல் சத்தம் இன்னும் எப்போதாவது கேட்கிறது. எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சேவையை நடத்துகிறவர்களிடமும் போலீஸிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கொலை வழக்குகளில் அந்தக் காகிதத்தின் பின்பக்கம் 14416, 15100 என்ற இரண்டு எண்களையும் தமிழில் பெரிசாக அச்சடித்துக் கொடுங்கள். துக்க வீட்டில் யார் சொல்வதும் காதில் ஏறாது, நோட்டில் கிழித்துக் கொடுத்த சீட்டும் எங்கேயாவது போய்விடும். ஆனால் அந்தக் காகிதத்தை எந்த வீட்டிலும் தொலைக்க மாட்டார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் பீரோவில் பத்திரம், பட்டாவோடு சேர்த்து வைத்திருப்பார்கள்.